மூன்று பிரிகேடுகளும் ஒரு சரணாகதிப் பத்திரமும்: கர்னல் உஸ்மானியின் 1971 தலைமை குறித்து ஒரு மறுவாசிப்பு

வங்கதேச விடுதலைப் போரின் தலைமைத் தளபதி முகம்மது அதாவுல் கனி உஸ்மானியைப் பற்றி இராணுவ வரலாற்று நூல்களில் நிலைபெற்றிருக்கும் சித்திரம் பெரும்பாலும் ஒரே மனிதரிடமிருந்து வந்தது. 1971இல் இந்தியக் கிழக்குக் கட்டளையகத்தின் தலைமைப் பணியாளர் அதிகாரியாக இருந்த ஜே.எஃப்.ஆர். ஜேக்கப் 1997இல் வெளியிட்ட ‘சரண்டர் அட் டாக்கா’ என்ற நூலே அதன் மூலம். அதற்குப் பின் எழுதியவர்கள் ஜேக்கப்பின் மதிப்பீட்டைச் சற்றுக் கூட்டியோ குறைத்தோ எடுத்தாண்டார்களே தவிர, அதன் அடிப்படையைச் சோதிக்கவில்லை. ஜேக்கப் உஸ்மானியின் பட்டாலியன்களைப் போர்த்திறன் என்ற ஒற்றை அளவுகோலால் அளந்தார். அவை உருவாக்கப்பட்டதன் முதல் நோக்கமோ அரசியலமைப்பு சார்ந்தது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு கருவியை அது செய்ய வந்த வேலையை விட்டுவிட்டு வேறொரு வேலையைக் கொண்டு மதிப்பிட்டால் அது குறையுள்ளதாகத்தான் தெரியும்.

ஜேக்கப்பின் வாசிப்பை அதன் முழு வலுவோடு எடுத்துரைப்பதே முறை. அவர் பார்வையில் உஸ்மானி மரபுவழிக் காலாட்படையின் பழக்கத்தில் ஊறியவர். ஆறுகளும் சதுப்புகளும் நிறைந்த கிழக்கு வங்காளத்தில், மக்கள் ஆதரவு முழுமையாக இருந்த நிலையில், செய்திருக்க வேண்டியது கெரில்லாக்களைப் பெருக்குவது. தகுதியுள்ள அதிகாரிகளை அவர்களுக்குத் தலைவர்களாக அனுப்புவது. உஸ்மானியோ கிழக்கு வங்காள ரெஜிமென்ட்டின் பட்டாலியன்களைக் கூட்டுவதிலும் அவற்றைப் பிரிகேடுகளாகத் தொகுப்பதிலுமே மனம் வைத்தார். அதனால் கெரில்லாப் போர் தலைமையின்றித் தளர்ந்தது என்பது ஜேக்கப்பின் முடிவு. போரின்போது உஸ்மானியின் துணைத் தலைமைப் பணியாளராக இருந்த ஏ.கே. கந்தகார் 2014இல் எழுதிய நினைவுநூலிலும் தலைமைத் தளபதி மீது கடுமையான விமர்சனங்கள் உண்டு. வெவ்வேறு இடங்களில் நின்ற இருவர் ஒரே குறையைச் சொல்லும்போது அதை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் இருவரும் களப் பணியாளர் அதிகாரிகள். இருவர் கேட்டதும் ஒரே கேள்வி: எதிரியை விரைவாகத் தளர்த்துவது எப்படி? போர் முடிந்த டிசம்பருக்குப் பிறகு அந்த நாட்டில் ஆயுதம் யாருடைய ஆணைக்குக் கட்டுப்படும் என்ற கேள்வி அவர்கள் பொறுப்பில் வந்ததல்ல. உஸ்மானியின் பொறுப்பில் அது இருந்தது.

முதலில் கணக்கைப் பார்க்கலாம். 1971 மார்ச் 25 இரவு பாகிஸ்தான் இராணுவம் தாக்குதலைத் தொடங்கியபோது கிழக்கு வங்காளத்தில் இருந்து, பின் கிளர்ந்தெழுந்தவை கிழக்கு வங்காள ரெஜிமென்ட்டின் 1, 2, 3, 4, 8 ஆகிய ஐந்து பட்டாலியன்கள். போரின் முடிவில் மூன்று பிரிகேடுகளிலும் இருந்தவற்றை எண்ணினால், ஜியாவுர் ரஹ்மானின் இஸட் படையில் 1, 3, 8. காலித் முஷாரஃபின் கே படையில் 4, 9, 10. ஷஃபியுல்லாவின் எஸ் படையில் 2, 11. ஆக மொத்தம் எட்டு. அதாவது பிரிகேடுகளுக்காக ஒன்பது மாதங்களில் புதிதாக எழுப்பப்பட்டவை மூன்றே பட்டாலியன்கள். மற்ற ஐந்தும் போரின் முதல் வாரத்திலேயே கையில் இருந்தவை. அவற்றுக்கு ஆள் சேர்த்து மறுபடி நிறுத்தியதைத்தான் பின்னாளைய நூல்கள் பெரிய விரிவாக்கம்போல் எழுதுகின்றன. எல்லைப்புற முகாம்களில் பயிற்சி பெற்று உள்ளே அனுப்பப்பட்ட இளைஞர்களின் தொகையோடு ஒப்பிட்டால் மூன்று பட்டாலியன் என்பது சிறு பங்கு. உஸ்மானி கெரில்லாப் போரைப் பலியிட்டு ஒழுங்குப் படையை வளர்த்தார் என்ற கூற்று இந்த எண்ணிக்கையின் முன் நிற்பது கடினம்.

ஜேக்கப்பின் தரப்பில் நியாயமான மறுமொழி ஒன்று உண்டு: சிப்பாய்களின் எண்ணிக்கை அல்ல சிக்கல், அதிகாரிகள்தான். பயிற்சி பெற்ற வங்காளி அதிகாரிகள் மிகச் சிலரே. அவர்களைப் பட்டாலியன்களில் அடைத்துவிட்டால் கெரில்லாக்களுக்கு யார்? இந்தத் தடையை உஸ்மானியின் தலைமையகம் உணராமல் இல்லை. ஜல்பாய்குரி மாவட்டத்தின் மூர்த்தியில் புதிய அதிகாரிகளுக்கான பயிற்சி வகுப்பு நடத்தப்பட்டு, முதல் அணியில் 61 பேர் 1971 அக்டோபர் 9 அன்று தேறி வெளிவந்தார்கள். இதைவிட முக்கியமானது, பிரிகேடும் கெரில்லாவும் தனித்தனி உலகங்கள் என்ற எண்ணமே களத்தோடு பொருந்தவில்லை என்பது. டாக்கா நகருக்குள் ஊடுருவி இன்டர்கான்டினென்டல் ஹோட்டல் வரை தாக்கிய ‘கிராக் பிளாட்டூன்’ இளைஞர்கள் இரண்டாம் செக்டாரைச் சேர்ந்தவர்கள். திரிபுராவின் மேலாகர் முகாமில் ஏ.டி.எம். ஹைதர் அவர்களைப் பயிற்றுவித்தார். அந்தச் செக்டாரின் தளபதி காலித் முஷாரஃப். கே படையின் தளபதியும் அவரேதான். போர் முழுவதிலும் பேர்பெற்ற நகரக் கெரில்லாக் குழு, ஒழுங்குப் பிரிகேடு ஒன்றை நடத்திய அதே மனிதரின் ஆணையில் இயங்கியது. ஜூலை மாத மாநாட்டில் நாடு பதினொரு செக்டார்களாகப் பிரிக்கப்பட்டபோது நியமித பாகினி எனப்பட்ட ஒழுங்குப் படையும், கண பாகினி எனப்பட்ட மக்கள் படையும் ஒரே கட்டளைச் சட்டகத்துக்குள் வைக்கப்பட்டன. ஆகஸ்ட் நடுவில் சிட்டகாங், மோங்லா, சாந்த்பூர், நாராயண்கஞ்ச் துறைமுகங்களில் கப்பல்களைத் தகர்த்த கடற்படைக் கமாண்டோக்களும் அதே சட்டகத்தின் பத்தாம் செக்டாருக்கு உரியவர்கள்.

இன்னொரு தடை கமால்பூர். ஜமால்பூர் எல்லையில் இருந்த அந்தப் பாகிஸ்தானிய அரண்மீது ஜூலை 31 அன்று முதல் பட்டாலியன் நேரடித் தாக்குதல் நடத்தியது. கேப்டன் சலாவுதீன் மும்தாஜ் உயிரிழந்தார். பட்டாலியன் பெரும் சேதத்தோடு பின்வாங்கியது. பீரங்கித் துணை போதாத நிலையில், சில வாரங்களே பயிற்சி பெற்றவர்களை வலுவான அரணை நோக்கி அனுப்பியதைப் போர்க்கலை நோக்கில் யாரும் நியாயப்படுத்த முடியாது, இக்கட்டுரையும் முயலவில்லை. அந்த நிலை டிசம்பர் 4 வரை விழாமலே நின்றது. இங்கே ஜேக்கப் சொல்வது சரி. ஆனால் ஒரு தாக்குதல் எப்படி நடத்தப்பட்டது என்பது வேறு. அதை நடத்திய படை ஏன் உருவாக்கப்பட்டது என்பது வேறு. முதலாவதில் காணும் பிழையை இரண்டாவதற்கு மாற்றி எழுதும் இடத்தில்தான் அவர் வாதம் தடம் மாறுகிறது.

ஏன் உருவாக்கப்பட்டது என்ற கேள்விக்கு விடை தேட உஸ்மானியின் வாழ்க்கைப் பாதையில் ஓரிடத்தை மட்டும் கவனித்தால் போதும். 1918இல் சுனாம்கஞ்சில் பிறந்து, அலிகரில் படித்து, 1940இல் பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் அதிகாரியாகி, பர்மா முனையில் பணியாற்றி, பிரிவினைக்குப் பின் பாகிஸ்தான் படையில் கிழக்கு வங்காள ரெஜிமென்ட்டைக் கட்டியெழுப்பியவர்களுள் ஒருவராகி, 1967இல் கர்னலாகவே ஓய்வு பெற்றவர் அவர். இதெல்லாம் தெரிந்த செய்திகள். போதிய கவனம் பெறாதது அடுத்த படி: 1970இல் அவாமி லீக்கில் சேர்ந்து, அவ்வாண்டு டிசம்பர்த் தேர்தலில் சில்ஹெட் பகுதியிலிருந்து தேசிய அவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1971 மார்ச்சில் கிளர்ந்த மேஜர்கள் அனைவரும் பாகிஸ்தான் சீருடையிலிருந்து நேரே போருக்கு வந்தவர்கள். உஸ்மானி வாக்குச்சீட்டின் வழியாக வந்தவர். அவரிடம் இருந்த இந்த இரட்டைத் தகுதி எந்தச் செக்டார் தளபதியிடமும் இல்லை.

அவர் எந்த நாளில் தலைமைத் தளபதியானார் என்பதில் நூல்கள் ஒத்துப்போகவில்லை. ஏப்ரல் 4 அன்று ஹபிகஞ்சின் தெலியாபாரா தேயிலைத் தோட்ட பங்களாவில் ஷஃபியுல்லா, காலித், ஜியா உள்ளிட்ட அதிகாரிகள் கூடியபோதே அவர் தலைமை ஒப்புக்கொள்ளப்பட்டதாகச் சிலர் எழுதுகிறார்கள். சிலர் ஏப்ரல் 12 என்கிறார்கள். மெஹர்பூரின் பைத்தியநாத்தலா மாந்தோப்பில் அரசு பதவியேற்ற ஏப்ரல் 17 என்பது இன்னொரு கணக்கு. இவற்றில் ஒன்றைச் சரியென்றும் மற்றவற்றைத் தவறென்றும் தீர்ப்பதற்கில்லை. மூன்றும் மூன்று வேறு செயல்களைக் குறிக்கக்கூடும். ஆனால் வரிசை முக்கியம். தெலியாபாரா அதிகாரிகள் தங்களுக்குள் ஓர் இராணுவக் குழுவை அமைத்து ஆட்சியை அறிவிக்கவில்லை; தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அரசு அமைக்க வேண்டும் என்றே விரும்பினார்கள். ஏப்ரல் 10ஆம் தேதியிட்ட சுதந்திரப் பிரகடனம் குடியரசுத் தலைவரையே எல்லாப் படைகளுக்கும் உச்சத் தளபதி ஆக்கியது. உஸ்மானியின் அதிகாரம் அந்த வாக்கியத்திலிருந்து இறங்கி வந்ததே தவிர, பட்டாலியன்களின் ஒப்புதலிலிருந்து மேலேறி வந்ததல்ல.

இந்த வேறுபாடு வெறும் சட்ட நுணுக்கம் அல்ல என்பதை ஜூலை மாநாடு காட்டுகிறது. கல்கத்தா தியேட்டர் சாலை 8ஆம் எண் கட்டடத்தில் ஜூலை 11 முதல் 17 வரை செக்டார் தளபதிகள் கூடினார்கள். அப்போது உஸ்மானியைப் பாதுகாப்பு அமைச்சராக்கிவிட்டு, போரை இளம் தளபதிகளின் போர்க்குழு ஒன்று நடத்தட்டும் என்று ஒரு யோசனை எழுந்தது. காலித் முஷாரஃப் அதை ஏற்கவில்லை. உஸ்மானி பதவி விலகினார். பிரதமர் தாஜுதீன் அகமது வற்புறுத்தியபின் திரும்பினார். மூயீதுல் ஹசனின் ‘மூல்தாரா ’71’ பதிவு செய்திருக்கும் இந்நிகழ்வைப் பலரும் உஸ்மானியின் தன்மான உணர்ச்சிக்குச் சான்றாகவே காட்டுகிறார்கள். அவர் எளிதில் புண்படுபவர் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆயினும் நடந்ததைப் படிகளாகப் பிரித்துப் பார்த்தால், படைத்தளபதிகள் தங்கள் தலைமையைத் தாங்களே அமைத்துக்கொள்ளும் யோசனை ஒன்று எழுந்தது, அது தோற்றது, தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதமரின் சொல்லால் தளபதி மீண்டும் அமர்ந்தார். அந்த ஜூலையில் யோசனை வென்றிருந்தால் வங்கதேசம் பிறக்குமுன்பே அதற்கு ஓர் இராணுவக் குழு வாய்த்திருக்கும்.

இதே கோணத்தில்தான் முஜிப் பாகினி பற்றிய அவர் எதிர்ப்பையும் படிக்க வேண்டும். ஷேக் ஃபஸ்லுல் ஹக் மோனி முதலிய இளைஞர் தலைவர்களின் கீழ், டேராடூன் பக்கம் மேஜர் ஜெனரல் உபானின் மேற்பார்வையில் பயிற்சி பெற்ற அந்தப் படை தாஜுதீன் அரசுக்கோ உஸ்மானிக்கோ கட்டுப்படவில்லை. கெரில்லாப் போர் என்ற அளவில் அது ஜேக்கப் விரும்பிய வடிவத்துக்கு நெருக்கமானது. கட்டளை என்ற அளவிலோ அது அரசுக்கு வெளியே நின்ற ஆயுதம். கெரில்லாக் குழுக்களைத் தனித்தனியாகப் பெருக்கினால் என்ன நேரும் என்பதை உஸ்மானி ஊகிக்க வேண்டியிருக்கவில்லை; கண்ணெதிரே இருந்தது. ரெஜிமென்ட், பட்டாலியன், பதவிநிலை, எழுத்து வடிவ ஆணை ஆகியவற்றைக் கொண்ட படை ஒன்றை அரசு தன் பேரில் வைத்திருப்பதே அதற்கு அவர் கண்ட மாற்று.

இந்த மாற்று பலன் தந்ததா என்பதற்கு எனக்குக் கிடைக்கும் மிகத் தெளிவான சான்று ஒரு தாளில் இருக்கிறது. 1971 டிசம்பர் 16 அன்று டாக்கா ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் கையொப்பமான சரணாகதிப் பத்திரம் ஒரு பக்க ஆவணம். அதன் முதல் வாக்கியம் பாகிஸ்தான் படைகள் ஜக்ஜித் சிங் அரோராவிடம் சரணடைவதாகச் சொல்கிறது. அவர் பதவியைக் குறிக்கும்போது கிழக்கு முனையில் இந்தியப் படைகளுக்கும் வங்கதேசப் படைகளுக்கும் தலைமைத் தளபதி என்கிறது. அடியில் அரோராவின் கையொப்பத்துக்குக் கீழும் அதே பதவிப் பெயர் மீண்டும் வருகிறது. ஆவணத்தில் தட்டச்சான நேரம் பிற்பகல் 4:31. கையொப்பமானது அதற்குச் சுமார் அரைமணி பின்னர் என்றும், பாகிஸ்தான் தரப்பில் ஒப்பமிட்ட தளபதி நியாஸியின் கையொப்பம் சரியாக அமையாததால் சில நாட்கள் கழித்துக் கல்கத்தாவில் மீண்டும் கையொப்பம் வாங்கப்பட்டது என்றும் ஜேக்கப்பே எழுதியிருக்கிறார். நேரமும் கையொப்பமும் பிசகிய ஒரு தாளில் பிசகாமல் நின்றது அந்தப் பதவிப் பெயர்.

அது தற்செயலாக நிற்கவில்லை. டாக்காவில் பாகிஸ்தான் இராணுவத்தின் செய்தித் தொடர்பு அதிகாரியாக இருந்த சித்திக் சாலிக் தம் நூலில் அன்றைய பேச்சுவார்த்தையை விவரிக்கிறார். வரைவைப் படித்த பாகிஸ்தானிய மேஜர் ஜெனரல் ராவ் ஃபர்மான் அலி, இந்தியாவும் வங்கதேசமும் சேர்ந்த கூட்டுக் கட்டளை என்ற குறிப்பை எதிர்த்தார். ஜேக்கப் அது டில்லியிலிருந்து அப்படியே வந்தது என்றார். பக்கத்தில் நின்ற இந்திய உளவு அதிகாரி, அது இந்தியாவுக்கும் வங்கதேசத்துக்கும் இடையிலான உள்விவகாரம், நீங்கள் சரணடைவது இந்திய இராணுவத்திடம் மட்டுமே என்ற பொருளில் ஆறுதல் சொன்னாராம். இந்த ஒரு காட்சியில் இரண்டு செய்திகள் உள்ளன. தோற்ற தரப்புக்கு அந்தச் சொற்கள் உறுத்தின. ஒரு பொருட்டாக இல்லாத சொற்களை யாரும் நீக்கச் சொல்வதில்லை. வென்ற தரப்பின் களத்தில் நின்ற ஓர் அதிகாரி அவற்றை வெறும் அலங்காரமாகவே கருதினார். அலங்காரமாகக் கருதியவர்கள் இருந்தும் சொற்கள் நீக்கப்படாமல் கையொப்பமாயின. நவம்பர் பிற்பகுதியில் கூட்டுக் கட்டளை அமையாதிருந்தால் அந்தப் பதவிப் பெயருக்கு இடமே இருந்திருக்காது. கூட்டுக் கட்டளைக்கு இரு தரப்பு தேவை. சிதறிய கெரில்லாக் குழுக்களோடு கூட்டு வைக்க முடியாது. பட்டாலியன் எண்ணும் பிரிகேடுத் தளபதியும் தலைமையகமும் கொண்ட ஒரு படையோடுதான் வைக்க முடியும். இந்தக் கடைசி இணைப்பு ஆவண வாக்கியத்திலிருந்து நான் செய்யும் அனுமானம். டில்லியில் வரைவு தயாரித்தவர்கள் இப்படித்தான் எண்ணினார்கள் என்பதற்கு நேர்ச் சான்று என்னால் காட்ட இயலாது. ஆயினும் அந்தச் சொற்கள் அங்கே இருப்பதற்கு இதைவிடப் பொருத்தமான விளக்கத்தை ஜேக்கப்பின் வாசிப்பு தரவில்லை.

அப்படியானால் அந்த மைதானத்தில் உஸ்மானி ஏன் இல்லை? வங்கதேசத் தரப்பில் கந்தகார் இருந்தார். இரண்டாம் செக்டாரின் ஹைதர் இருந்தார். தலைமைத் தளபதி இல்லை. இரண்டு விளக்கங்கள் வழங்குகின்றன. அன்று சில்ஹெட் பக்கம் அவர் சென்ற ஹெலிகாப்டர் சுடப்பட்டது, உடன் சென்ற தலைமைப் பணியாளர் எம்.ஏ. ரப் காயமடைந்தார் என்பது ஒன்று. ஜேக்கப்பும் ஹெலிகாப்டர் சேதத்தையே காரணமாகக் காட்டுகிறார். தமக்கு நிகரானவர் இந்தியத் தரைப்படைத் தலைவர் மானெக் ஷா, வட்டாரத் தளபதி ஒருவர் இன்னொரு வட்டாரத் தளபதியிடம் சரணடையும் நிகழ்ச்சியில் ஒரு நாட்டின் தலைமைத் தளபதிக்கு இடமில்லை என்று அவரே பின்னர்ச் சொன்னதாக அவரோடு பணியாற்றியவர் எழுதியது மற்றொன்று. முதலாவது நடந்த சம்பவம்; இரண்டாவது பின்னர் நினைவுகூரப்பட்ட விளக்கம். முன்னதற்குச் சாட்சிகள் கூடுதல் என்பதால் அதையே ஏற்கிறேன். இரண்டாவதை என் வாதத்துக்குத் துணையாக இழுப்பது எளிது. ஆனால் நிகழ்ந்த பின் உருவான நியாயத்தைக் கொண்டு நிகழ்வுக்கு முந்தைய நோக்கத்தை நிறுவ முடியாது. அது காட்டுவது ஒன்றே: போர் முழுதும் கர்னலாகவே இருந்து, ஜெனரல் பட்டத்தை வெற்றிக்குப் பின்பே பெற்ற மனிதர், தம் பதவியின் மதிப்பைப் பட்டத்தால் அளக்காமல் அரசின் இறையாண்மையால் அளந்தார்.

இந்த வாதத்துக்கு மிகக் கடினமான மறுப்பு ஜேக்கப்பிடமிருந்து வருவதல்ல, 1975இலிருந்து வருவது. இஸட், கே, எஸ் என்று தளபதிகளின் பெயரெழுத்தைத் தாங்கிய பிரிகேடுகள் அரசின் படையை உருவாக்கினவா, ஆளுக்கொரு படையை உருவாக்கினவா? 1975 நவம்பர் 3 அன்று காலித் முஷாரஃப் ஜியாவைச் சிறைவைத்தார். நவம்பர் 7 அன்று காலிதும் ஹைதரும் கொல்லப்பட்டார்கள். ஜியா மேலே வந்தார். ஒரே போரில் தோளோடு தோள் நின்ற பிரிகேடுத் தளபதிகளின் பகைமையாக அந்த வாரம் முடிந்தது. உஸ்மானியின் சொந்த நடத்தையும் நேர்கோடாக இல்லை. நான்காம் திருத்தம் ஒரே கட்சி ஆட்சிக்கு வழிவகுத்தபோது 1975 ஜனவரியில் நாடாளுமன்ற இடத்தைத் துறந்த அதே மனிதர், ஷேக் முஜிபுர் ரஹ்மான் கொல்லப்பட்ட ஆகஸ்ட் 15 படுகொலைக்குப் பின் அமைந்த முஷ்தாக் அகமது அரசில் பாதுகாப்பு ஆலோசகர் ஆனார். இதற்குச் சமாதானம் தேடுவது ஆய்வாளர் வேலையல்ல. குடிமக்கள் அரசுக்குக் கட்டுப்பட்ட படை என்ற கொள்கையை 1971இல் கட்டமைத்தவர், அந்தக் கொள்கை முறிந்த நாளில் முறித்தவர்களின் அரசுக்குள் நின்றார். நாட்டைச் சீர்குலைவிலிருந்து காக்கவே சேர்ந்தார் என்பாரின் விளக்கம் நோக்கத்தைச் சொல்லலாம்; செயலின் விளைவை மாற்றாது.

ஆனால் இந்த மறுப்பு என் கூற்றின் எல்லையைக் குறுக்குகிறதே தவிர அதை வீழ்த்தவில்லை. பிரிகேடுகளின் பகைமை 1971இன் கட்டளை அமைப்பிலிருந்து முளைத்ததா, 1972க்குப் பின் அந்த அமைப்பு கைவிடப்பட்டதாலா என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 1972 ஏப்ரலில் உஸ்மானி படையை விட்டு விலகினார். எல்லாப் படைகளுக்கும் மேல் ஒற்றைத் தளபதி என்ற அவர் பதவியும் அவரோடு முடிந்தது. அதன்பின் அரசு தனியே துணைப்படை ஒன்றை வளர்த்ததும், போரில் பங்கேற்ற அதிகாரிகளுக்கும் பாகிஸ்தானிலிருந்து திரும்பியவர்களுக்கும் இடையே பிளவு வளர்ந்ததும் அவர் ஆணைக்கு வெளியே நடந்தவை. எந்தக் காரணம் எவ்வளவு பங்கு என்று நிறுக்கும் தராசு இப்போதைக்கு யாரிடமும் இல்லை. 1978 ஜூன் 3 குடியரசுத் தலைவர் தேர்தலில், பதவியில் இருந்த இராணுவத் தலைவர் ஜியாவை எதிர்த்து அவருடைய பழைய தலைமைத் தளபதி எதிர்க்கட்சிக் கூட்டணியின் வேட்பாளராக நின்றார், சுமார் 21.7 விழுக்காடு வாக்கு பெற்றுத் தோற்றார். 1975இன் கறையை அது துடைத்துவிடாது. ஆனால் சீருடை ஆட்சிக்கு எதிராக வாக்குப்பெட்டியின் பக்கம் அவர் திரும்பிவந்தார் என்பதைப் பதிவு செய்யாமல் விடுவதும் நேர்மையல்ல.

ஆகவே உஸ்மானியின் 1971 தலைமையை இரண்டு கேள்விகளாகப் பிரித்தே மதிப்பிட வேண்டும் என்று முன்மொழிகிறேன். போர்க்கள நடத்துநராக அவர் எப்படி? இங்கே ஜேக்கப்பின் குறைகூறலில் கமால்பூர் அளவுக்கு உண்மை உண்டு. எட்டு பட்டாலியன் கணக்கு அதன் மிகையைக் கழித்துவிடுகிறது. ஓர் அரசின் படையை அரசுக்கு உரியதாக்கியவராக அவர் எப்படி? இங்கே ஜூலை மாநாடும், முஜிப் பாகினி எதிர்ப்பும், சரணாகதிப் பத்திரத்தின் பதவிப் பெயரும் ஒரே திசையைக் காட்டுகின்றன. ஜேக்கப்பின் நூல் இந்தக் கேள்வியை எழுப்பவே இல்லை. ஹசன் ஹஃபிசுர் ரஹ்மான் பதிப்பித்த பதினைந்து தொகுதி விடுதலைப்போர் ஆவணங்களையும் செக்டார் தளபதிகளின் நினைவுநூல்களையும் இந்த இரண்டாம் கேள்வியோடு மறுபடி படிப்பவர்கள் என் முடிவைத் திருத்தக்கூடும். ஒன்பதாம், பத்தாம், பதினொன்றாம் பட்டாலியன்களை எழுப்பிய ஆணைகள் எந்தத் தேதியில், எந்தக் காரணத்தைக் காட்டிப் பிறந்தன என்பது உறுதியானால், பிரிகேடுகளின் நோக்கம் குறித்த இந்த வாதம் ஒன்று வலுப்படும் அல்லது விழும். போர்த்திறனை மட்டும் அளக்கும் நூல்களால் இதைத் தீர்க்க இயலாது.